நிரலில் பிழை காணும் கருவிகள்
எளிய எடிட்டரோடு அவற்றை இணைப்பது எங்ஙனம்?

"எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஓலைச் சுவடியைப் பார்த்துப் படியெடுத்தவர்கள் தம்மை அறியாமலே எழுத்தை விட்டும், சொல்லை மாற்றியும், ஒரே வரியை இருமுறை எழுதியும் சென்றதுண்டு. எழுதுகின்றவர் தம் மனத்தில் உள்ளதையே ஏட்டிலும் காண்கின்றார். ஏட்டில் உண்மையாகவே இருப்பதைக் காண இன்னொருவர் கண் வேண்டும். அச்சுக்கூடங்களில் மெய்ப்புத் திருத்துவோர் என்று தனியே ஆள் வைத்திருப்பதன் காரணம் இதுவே.

கணினிக்கு நிரல் எழுதுவோருக்கும் இவ்விதி பொருந்தும். வேறுபாடு ஒன்றுண்டு. ஏட்டில் விழுந்த பிழையைப் படிப்பவர் தம் அறிவால் ஒருவாறு சரிசெய்துகொள்வார். கணினியோ எழுதியதை எழுதியவாறே நிறைவேற்றும். ஆதலின் நிரலைக் கணினியிடம் ஒப்படைக்குமுன் பிழை பார்க்கும் துணை இன்றியமையாததாகின்றது. அத்துணையை அளிப்பதற்கென்றே தனிக் கருவிகள் பல உள்ளன. நிரல் எழுதும் எளிய எடிட்டர் ஒன்றோடு அக்கருவிகள் எவ்வாறு இணைக்கப்படுகின்றன, அவ்விணைப்பில் எங்கெங்கே கவனம் வேண்டும் என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

இருமுறை எழுதப்பட்ட ஒரு வரி

இப்பொருள் வெறும் தொழில் நுணுக்கம் என்று எண்ணுவோர் 2014ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர்தல் நலம். அவ்வாண்டு பிப்ரவரி 21ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. வங்கி முதலிய இணையத் தளங்களோடு ஐபோன் மறைவாகத் தொடர்பு கொள்ளும்போது, மறுமுனையில் இருப்பது உண்மையில் அத்தளந்தானா என்று கையொப்பம் பார்த்து உறுதிசெய்யும் நிரல் ஒன்று உண்டு. அதில், "பிழையெனில் முடிவுக்குத் தாவுக" என்னும் கட்டளையின் பிற்பாதி தவறுதலாக அடுத்தடுத்து இருமுறை எழுதப்பட்டுவிட்டது. முதல் வரி நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது வரிக்கு நிபந்தனை எதுவும் இல்லை. ஆகவே பிழை இருப்பினும் இல்லாவிடினும் கணினி அங்கிருந்து நேரே முடிவுக்குத் தாவியது. இடையில் இருந்த கையொப்பச் சோதனை நடைபெறவே இல்லை. ஆயினும் "எல்லாம் சரி" என்ற விடையே கிடைத்தது.

நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் கம்பைலர் இதனைத் தடுக்கவில்லை. ஏனெனில் இலக்கணப்படி அவ்வரியில் குற்றமில்லை. ஆனால், தாவலுக்குப் பின்னுள்ள வரிகளைக் கணினி ஒருகாலும் அடையாது என்பதை நிரலைப் படித்த அளவிலேயே சொல்லிவிட முடியும். அவ்வாறு சொல்லவல்ல சோதனை அக்காலத்திலேயே இருந்தது. வழக்கமான அமைப்பில் அது விழித்திருக்கவில்லை, அவ்வளவே. பின்னர் 2016இல் வெளியான ஜிசிசி என்னும் கம்பைலரின் ஆறாம் பதிப்பில், வரிகளின் உள்தள்ளல் ஒன்றும் பொருள் வேறொன்றுமாக இருப்பின் எச்சரிக்கும் சோதனை ஒன்று சேர்க்கப்பட்டது.

லிண்ட் பிறந்த கதை

இத்தகைய கருவிகளுள் மூத்தது 'லிண்ட்' என்பது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் என்பார் சி மொழி நிரல்களைச் சோதிப்பதற்காக 1978ஆம் ஆண்டளவில் இதனை ஆக்கினார். லிண்ட் என்றால் துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் துகள் என்று பொருள். உடையில் ஒட்டிய துகளைத் தட்டி எடுப்பதுபோல் நிரலில் ஒட்டிய சிறு குறைகளைப் பொறுக்கி எடுப்பது அதன் பணி.

கம்பைலர் இருக்க, இன்னொரு கருவி எதற்கு என்ற வினா எழலாம். இரண்டின் நோக்கமும் வேறு. நிரலை விரைந்து பொறிமொழியாக்குவது கம்பைலரின் கடமை. பொருள் கொள்ள இயலுமாயின் அது ஏற்றுக்கொள்ளும். லிண்டின் நோக்கோ ஐயப்படுவது. மதிப்பு ஏதும் இடாமல் பயன்படுத்தப்பட்ட பெயர், பெயரிட்டபின் எங்கும் பயன்படாத மாறி, ஒருகாலும் அடைய முடியாத வரி, ஒரு வகையை எதிர்பார்த்த இடத்தில் வேறு வகை என்றாற்போல இலக்கணத்திற்கு இசைந்தும் அறிவுக்கு இசையாதவற்றை அது எடுத்துக்காட்டும். இன்று பைத்தான் மொழிக்குப் பைலிண்ட், பைஃபிளேக்ஸ், மைபை என்பனவும், ஜாவாஸ்கிரிப்டுக்கு இஎஸ்லிண்ட் என்பதும், ஷெல் கட்டளைகளுக்கு ஷெல்செக் என்பதும் வழக்கில் உள்ளன.

உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா?

பிழை காட்டும் ஆற்றலை எடிட்டருக்குள்ளேயே அமைத்துவிடுவது ஒரு வழி. 1983இல் வெளிவந்த டர்போ பாஸ்கல் அவ்வழியில் சென்றது. எடிட்டரும் கம்பைலரும் ஒரே மென்பொருளாக அமைந்திருந்தன. பிழை கண்டவுடன் கம்பைலர் நின்று, அப்பிழை இருக்கும் இடத்திலேயே எழுதுபவரைக் கொண்டுபோய் நிறுத்திற்று. அந்நாளைய மாணவர்க்கு அது பெரும் வசதியாக இருந்தது. ஆயினும் அது பாஸ்கல் என்னும் ஒரு மொழிக்கே உரியது.

மற்றொரு வழி, எடிட்டரை எழுத்துவேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிழை காண்பதை வெளியிலுள்ள கருவிக்கு விட்டுவிடுவது. ஈமாக்ஸ், விம் என்னும் புகழ்பெற்ற எடிட்டர்கள் இவ்வழியைப் பின்பற்றின. அமிகா என்னும் கணினிக்காக மேன்க்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆஸ்டெக் சி கம்பைலரில் இருந்த ஒரு வசதியைக் கண்டே, விம் எடிட்டரில் பிழைப் பட்டியலைப் படித்து ஒவ்வோர் இடமாகத் தாவும் முறை அமைக்கப்பட்டது. தொடக்க மாணவர்க்கென எஸ்டோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான தானி என்னும் எளிய எடிட்டரும், பைலிண்ட், மைபை ஆகிய வெளிக் கருவிகளை அழைத்தே மாணவர்க்கு அறிவுரை கூறுகின்றது.

இவ்வழியால் வரும் நன்மை மூன்று. எடிட்டர் சிறியதாகவே இருக்கலாம். கருவி புதுப்பிக்கப்படும்போது எடிட்டரைத் தொட வேண்டியதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, எழுதுபவர் மேசையில் சோதிக்கும் அதே கருவி, நிரல்களை ஒன்றுசேர்க்கும் பொதுக் கணினியிலும் சோதிக்கும். இங்கே ஒரு தீர்ப்பு, அங்கே ஒரு தீர்ப்பு என்ற குழப்பம் எழாது.

இணைப்பின் நான்கு படிகள்

முதற்படி, கருவியை ஏவுவது. எடிட்டர் இயங்குதளத்தின் வழியாகக் கருவியைத் தனி நிரலாக இயக்கி, சோதிக்க வேண்டிய கோப்பின் பெயரை அதனிடம் தருகின்றது. பெயரைத் தருவதிலும் எச்சரிக்கை தேவை. கோப்பின் பெயரையும் கட்டளையையும் ஒரே சரமாக ஒட்டி ஷெல்லிடம் கொடுத்தால், பெயரில் உள்ள இடைவெளியோ சிறப்புக் குறியோ வேறு கட்டளையாகப் பொருள்பட்டுவிடும். ஆதலின் கட்டளை வேறு, பெயர் வேறு எனத் தனித்தனியே கொடுப்பதே முறை.

இரண்டாம்படி, விடையை வாங்குவது. கருவி மூன்று வழிகளில் பேசும். வழக்கமான வெளியீடு ஒன்று. பிழைச் செய்திகளுக்கென உள்ள வெளியீடு மற்றொன்று. முடியும்போது அது விட்டுச்செல்லும் முடிவெண் மூன்றாவது. முடிவெண் சுழியமாயின் குறையில்லை என்பது பொது வழக்கு. சுழியம் அல்லாத எண்ணெல்லாம் "கருவி பழுதுற்றது" என்று கொள்வது தவறு. எடுத்துக்காட்டாக, பைலிண்ட் பிழைக்கு 2, எச்சரிக்கைக்கு 4 என எண்களைக் கூட்டித் தரும். 6 என்று வந்தால் இரண்டும் உண்டு என்று பொருள். அன்றியும், எடிட்டர் ஒரு வெளியீட்டை மட்டும் படித்துக்கொண்டு மற்றதைப் படியாமல் விடுமாயின், படிக்கப்படாத குழாய் நிரம்பிக் கருவி அங்கேயே நின்றுவிடும். எடிட்டர் கருவிக்காகவும் கருவி எடிட்டருக்காகவும் காத்திருக்க, இரண்டும் அசையாமல் கிடக்கும். சிறு கோப்புகளைச் சோதிக்கும்போது தலைகாட்டாமல், பெரிய கோப்பு வந்த அன்று வெளிப்படும் குறை இது.

மூன்றாம்படி, விடையின் பொருளைக் கொள்வது. பெரும்பாலான கருவிகள் ஒரு குறைக்கு ஒரு வரியாக எழுதித் தருகின்றன. தமிழில் எழுதிக் காட்டின் அவ்வரி இவ்வாறு அமையும்:

கூலி:12:5: பிழை: 'மொதம்' என்னும் பெயர் முன்பு எங்கும் கூறப்படவில்லை

கோப்பின் பெயர், வரி எண், அவ்வரியில் இடத்தின் எண், குறையின் வகை, விளக்கம் என்பன இதன் உறுப்புகள். முக்காற்புள்ளி கண்ட இடத்திலெல்லாம் வெட்டினால் போதுமே என்று தோன்றும். ஆனால் விண்டோஸ் கணினிகளில் கோப்பின் முழுப்பெயர் 'சி:' என்றே தொடங்கும். அங்கே முதல் வெட்டே தவறிவிடும். ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் அதன் வரி எந்த வடிவில் வரும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, அவ்வடிவோடு பொருத்திப் பார்ப்பர். கருவியே ஒழுங்கான ஜேசன் வடிவில் விடை தருமாயின் அதனைக் கேட்டு வாங்குவது இன்னும் நன்று. மனிதர் படிக்க எழுதிய வாக்கியம் அடுத்த பதிப்பில் மாறக்கூடும். பொறி படிக்க எழுதிய வடிவம் அவ்வளவு எளிதில் மாறாது.

நான்காம்படி, குறையை உரிய இடத்தில் காட்டுவது. வரியின் ஓரத்தில் ஒரு குறி, குற்றமுள்ள சொல்லின் கீழ் ஒரு கோடு, கீழே ஒரு பட்டியல் ஆகியவை வழக்கமான முறைகள். இங்கே மறந்துவிடக்கூடாத ஒன்று உண்டு. எழுதுபவர் மூன்றாம் வரியில் புதிதாக ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், பன்னிரண்டாம் வரியிலிருந்த குறை பதின்மூன்றாம் வரிக்குப் போய்விடுகின்றது. குறியும் உரையோடு சேர்ந்து நகர வேண்டும். இல்லையெனில் குற்றமற்ற வரியில் குற்றம் சாட்டப்படும்.

எழுதுபவரைக் காக்க வைக்கலாகாது

சோதனை முடியும் வரை திரை உறைந்து நிற்குமாயின் அத்தகைய உதவியை எவரும் விரும்பார். விம் எடிட்டரின் பழைய பதிப்புகளில் இக்குறை இருந்தது. 2016 செப்டம்பரில் வந்த எட்டாம் பதிப்பில், வெளிநிரல்களைப் பின்னணியில் இயக்கிக்கொண்டே எழுத்துவேலையைத் தொடரும் வசதி சேர்க்கப்பட்டது.

பின்னணியில் சோதிக்கத் தொடங்கியதும் புதிய சிக்கல் ஒன்று முளைக்கின்றது. சோதனை நடக்கும்போதே எழுதுபவர் உரையை மாற்றிவிடுகின்றார். பழைய உரைக்கான தீர்ப்பு, புதிய உரையின்மேல் வந்து விழுகின்றது. இதற்கு மருந்து, உரை மாறும்தோறும் அதற்கு ஒரு பதிப்பெண் இடுவது. விடை வரும்போது எண் ஒத்திருந்தால் ஏற்பது, ஒவ்வாவிடின் தள்ளுவது. ஒவ்வோர் எழுத்துக்கும் கருவியை ஏவாமல், விசைப்பலகை சற்று ஓய்ந்தபின் ஏவுவதும், முந்தைய சோதனை முடியாதிருந்தால் அதனை நிறுத்திவிடுவதும் உடன் செய்யத்தக்கவை.

இன்னும் சேமிக்கப்படாத உரையைச் சோதிப்பது எப்படி? வேறோர் இடத்தில் தற்காலிகக் கோப்பாக எழுதிச் சோதித்தால், அண்டையிலுள்ள கோப்புகளை நிரல் தேடும்போது அவை கிடைக்காமல் பொய்யான பிழைகள் குவியும். உரையை நேரடியாகக் கருவியின் உள்ளீட்டில் செலுத்தி, "இதன் பெயர் இன்னது என்று கொள்க" எனக் கூடவே சொல்லும் முறை இதனினும் சிறந்தது. இஎஸ்லிண்ட் போன்ற கருவிகள் அதற்கு இடம் தருகின்றன.

'தமிழ்' என்பதில் எத்தனை எழுத்து?

தமிழ் மக்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இவ்விணைப்பில் அடங்கியுள்ளது. வரியில் இடத்தைக் குறிக்கும் எண் எதனை எண்ணி வருகின்றது என்பதே அது. 'தமிழ்' என்னும் சொல்லில் த, மி, ழ் என மூன்று எழுத்துகள் என்று பள்ளிச் சிறுவனும் கூறுவான். யூனிகோடு முறையில் மகரமும் இகரக் குறியும் தனித்தனி. ழகரமும் புள்ளியும் தனித்தனி. ஆகவே அங்கே ஐந்து குறிகள். அவற்றை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது குறி ஒன்றுக்கு மூன்றாகப் பதினைந்து பைட்டுகள்.

ஒரு வரி 'தமிழ்' என்று தொடங்கி, அதனை அடுத்த இடத்திலேயே ஒரு பிழை இருப்பதாகக் கொள்வோம். எழுத்தை எண்ணுபவர்க்கு அது நான்காம் இடம். குறியை எண்ணும் கருவிக்கு ஆறாம் இடம். பைட்டை எண்ணும் கருவிக்குப் பதினாறாம் இடம். கருவி ஒன்றை எண்ணி, எடிட்டர் வேறொன்றை எண்ணினால், கோடு பிழையின் கீழ் விழாமல் எங்கோ போய் விழும். ஆங்கில எழுத்து மட்டும் உள்ள வரியில் இம்மூன்று எண்ணிக்கையும் ஒன்றாகவே இருப்பதால், ஆங்கிலத்தில் மட்டும் எழுதிச் சோதித்துப் பார்க்கும் மென்பொருளாளர் கண்ணுக்கு இக்குறை தட்டுப்படாது. பைத்தானின் மூன்றாம் பதிப்பு மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிட இடம் தருகின்றது. தமிழ்வழி நிரல் கற்பிக்க முனைவோர்க்கு அது ஒரு வாய்ப்பு. அவ்வாய்ப்பு பயன் தர வேண்டுமாயின், மாணவன் செய்த பிழை அவன் செய்த இடத்திலேயே காட்டப்பட வேண்டும். தவறான இடத்தைச் சுட்டும் ஆசிரியரால் கற்கத் தொடங்கியவன் சோர்ந்துபோவான்.

எல்லாருக்கும் ஒரு பேச்சு

பத்து எடிட்டர்களும் இருபது மொழிகளும் இருப்பதாகக் கொண்டால், ஒவ்வோர் எடிட்டரையும் ஒவ்வொரு மொழியின் கருவியோடு இணைக்க இருநூறு இணைப்புகள் வேண்டும். எல்லாரும் ஒரே முறையில் பேச உடன்பட்டால், எடிட்டருக்கு ஒன்றும் மொழிக்கு ஒன்றுமாக முப்பது போதும். இந்நோக்கத்தோடு 2016 ஜூன் மாதத்தில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி ஆகிய நிறுவனங்கள் பொது உடன்பாடு ஒன்றை அறிவித்தன. இதன்படி மொழியறிந்த கருவி ஒரு சேவகனாக ஓயாது இயங்கிக்கொண்டிருக்கும்; எடிட்டர் உரையின் மாற்றங்களை அதற்குத் தெரிவிக்கும்; கருவி குறைகளின் பட்டியலைத் திருப்பி அனுப்பும். குறைகள் பிழை, எச்சரிக்கை, செய்தி, குறிப்பு என நான்கு தரமாகப் பிரிக்கப்படும்.

உடன்பாடு வந்தபின்னும் கவனம் குறையலாகாது. கம்பைலர்கள் முதல் வரியை 1 என்று எண்ண, இவ்வுடன்பாடு அதனை 0 என்று எண்ணுகின்றது. இடத்தை எண்ணுவதற்கு யூடிஎஃப்-16 அலகையே அது தொடக்கத்தில் விதித்தது. 2022இல் வந்த 3.17ஆம் பதிப்பிலேதான் எந்த அலகில் எண்ணுவது என்பதை இருவரும் முதலில் பேசி முடிவு செய்துகொள்ளும் வழி சேர்ந்தது.

கருவியின் சொல்லும் மனிதரின் பொறுப்பும்

பிழை காட்டும் கருவி கூறுவதெல்லாம் பிழையே என்று கொள்வது எத்தகைய தீங்கு விளைக்கும் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டில், மறைகுறியீட்டுச் சாவிகளை ஆக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளைச் சோதனைக் கருவிகளால் ஆராய்ந்தபோது, மதிப்பிடப்படாத நினைவகத்தை அது படிப்பதாக எச்சரிக்கை எழுந்தது. அவ்வெச்சரிக்கையை நீக்கும்பொருட்டு 2006ஆம் ஆண்டு இரண்டு வரிகள் எடுத்துவிடப்பட்டன. எச்சரிக்கை ஓய்ந்தது. ஆனால் நீக்கப்பட்ட வரிகளுள் ஒன்று, ஊகிக்கவொண்ணாத எண்களை ஆக்குவதற்குரிய மூலப்பொருளைக் கலக்கும் வரி. அதன்பின் சாவிகளுக்கு எஞ்சிய வேறுபாடு, இயங்கும் நிரலுக்குக் கணினி தரும் எண் ஒன்றுதான். அது 32,768க்கு மேற்படாது. எவரும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டிய சாவியை, ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே திறக்கலாம் என்ற நிலை உண்டாயிற்று. 2008 மே மாதம் 13ஆம் நாள் இது வெளிப்படும் வரை ஏறத்தாழ இருபது மாதங்கள் அச்சாவிகள் உலகெங்கும் பயன்பட்டு வந்தன. திருத்தம் வந்தபின்னும், பழைய சாவிகளைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது.

எடிட்டரை அமைப்போர் இதிலிருந்து கற்க வேண்டுவது, குறையின் விளக்கத்தை மறையாமல் முழுதும் காட்டுவதும், பிழையையும் வெறும் நடைக்குறிப்பையும் ஒரே சிவப்பு வண்ணத்தில் கலக்காமல் வேறுபடுத்துவதும் ஆகும். நூறு சிறு குறிப்புகளிடையே ஒரு பெரும்பிழை புதைந்துபோனால் சோதித்தும் பயனில்லை. குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட எச்சரிக்கையை, காரணம் எழுதி விலக்கிவைக்கும் உரிமையையும் எழுதுபவர்க்கு அளித்தல் வேண்டும்.

மற்றுமோர் எச்சரிக்கையும் உண்டு. பிழை காணும் கருவி என்பது தானே ஒரு நிரல். சில கருவிகளின் அமைப்புக் கோப்புகளிலேயே இயங்கும் கட்டளைகளை எழுதிவைக்க முடியும். அயலார் அனுப்பிய நிரற்கோப்புகளைத் திறந்து பார்த்த அளவிலேயே எடிட்டர் கருவியை ஏவிவிடுமாயின், தீயோர் எழுதிய கட்டளை உள்ளே புகுந்துவிடலாம். 2021ஆம் ஆண்டு முதல் விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் எடிட்டர், புதிய கோப்புறையைத் திறக்கும்போது அதனை எழுதியோரை நம்புகின்றீரா என்று முதலில் வினவுவது இதனால்தான்.

ஏவுதல், வாங்குதல், பொருள்கொள்ளுதல், காட்டுதல் என்னும் இந்நான்கும் செவ்வனே அமையுமாயின், சில நூறு வரிகளில் எழுதப்பட்ட சிற்றெடிட்டரும் பெரிய மென்பொருள்கள் தரும் உதவியைத் தன்னைப் பயன்படுத்துவோர்க்குத் தரும். விலையுயர்ந்த கணினி இல்லாத மாணவர்க்கும் அவ்வுதவி எட்டும். கருவி சுட்டிக்காட்டிய இடத்தில் நின்று, அது சொல்வது ஏன் என்று ஆராய்ந்து, திருத்துவதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் நிரலை எழுதியவரே. அவ்வாராய்ச்சியைக் கற்கும் பருவத்திலேயே பழக்கிவிடுவது கணினிக் கல்வி அளிப்போரின் கடமையாகும்.